பூதத்துக்கு நேர்ந்துகொண்ட மண்மாடு

1

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம் என் அண்ணன் ஒரு பூதத்தோடு பேரம் பேசினார். பூதம் வேறு யாருமில்லை, நான்தான். அவர் மீனாட்சிபுரத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் ஜெர்மனியின் வடக்கே, என் சமையலறை மேஜையின் ஒரு கோடியில், தலையில் பச்சைத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சைத் துண்டு சுற்றினால் நான் பூதம், அவிழ்த்தால் அம்மா. எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஏற்பாடு.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள் "மரகதத்துக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று அண்ணனிடம் விசாரிக்கப் போவதற்கு முன்னால் விளக்கிவிடுகிறேன். இது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தி சூனியக்காரி, ஒருத்தி திருடி, இப்படி. மற்றதெல்லாம் கதை நடத்துகிறவர் பொறுப்பு: அரசன், அரக்கன், சத்திரக்காரி, மழை, புயல். "வாளை வீசுறேன்" என்று ஒருவர் சொன்னால், பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பட்டதால் என்ன நடந்தது என்பதைக் கதை நடத்துகிறவர் சொல்வார். வாரம் முழுக்கப் பால் பரிசோதனைக் கூடத்தில் குழாய் கழுவி, கொழுப்பு அளந்து, மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் எனக்கு, சனிக்கிழமை மட்டும் புயல் என் கையில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

2

இந்த வேலையை நான் தேடிப் போகவில்லை. என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது முடிந்தபோது அவளுக்கு என்னிடம் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டு சண்டை போடுவோம். அந்தச் சமயத்தில் அவளுக்கும் அவளுடைய தோழி லேனாவுக்கும் இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஆட இருவர் தயார், நடத்த ஆளில்லை. "நான் நடத்துறேன்" என்றேன். இனியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விதிப் புத்தகம் பெரியது, எல்லாம் ஜெர்மன். பாலில் கலப்படம் கண்டுபிடிக்கும் விதிகளையே அந்த மொழியில் படித்துத் தேர்வு எழுதியவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் உள்ளே வந்தது விபத்து. ஒரு சனிக்கிழமை, இரண்டு பெண்களும் குகைக்குள் மாட்டிக்கொண்டு நான் அரக்கனாக உறுமிக்கொண்டிருக்கும்போது அவர் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே சாயங்காலப் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்து ஓய்வாக உட்காரும் நேரம். மேஜைமேல் இருந்த சின்னச் சின்னப் பொம்மைகளைப் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மிணி, உருவாரமெல்லாம் வாங்கி வெச்சிருக்கற?"

உருவாரம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுக்கு மடி வீங்கினால், சினை தங்காவிட்டால், நல்லபடியாகிவிட்டால் ஒரு மண்மாடு செய்து வைக்கிறேன் என்று சாமிக்கு நேர்ந்துகொள்வோம். மாடு தேறியதும், பொங்கல் சமயத்தில் உடுமலைப் பக்கம் உள்ள மாட்டுக்கோயிலுக்கு அந்த மண்மாட்டைக் கொண்டுபோய் வைப்போம். கோயிலைச் சுற்றி நூற்றுக்கணக்கில் நிற்கும். சாமிக்கு மண்மாட்டை வைத்து என்ன செய்வதென்று தெரியுமோ தெரியாதோ, நாங்கள் வைத்துவிடுவோம்.

"உருவாரம் இல்லீங்ணா. இது விளையாட்டு. இந்தப் பொம்மைதான் நம்ம ஆளு."

"அப்ப எனக்கு ஒரு மாட்டுக்காரன் பொம்மை வையி. நானும் வாறன்."

அவருடைய பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று இனியா கேட்டாள். "பழனிச்சாமிதான். எம் பேருக்கு என்ன கொறச்சல்?" என்றார். இப்படியாக ஒரு சூனியக்காரி, ஒரு திருடி, காரி என்ற காளையோடு பழனிச்சாமி என்று எங்கள் குழு அமைந்தது. என் வீட்டுக்காரர் பகடையைத் தொடமாட்டார். பஜ்ஜி போடுவார், அதற்கும் ஆள் வேண்டும்.

அண்ணனுக்கு ஜெர்மன் தெரியாது, லேனாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பு இனியாவின் பொறுப்பு. நான் உலகத்தையே நடத்திக்கொண்டிருக்கிறேன், எனக்கு நேரமில்லை என்று கையைக் கழுவிவிட்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன். வாரம் முழுக்க என்னிடம் தமிழில் ஒரு வாக்கியம் பேசாத பெண், சனிக்கிழமைகளில் "மாமா, உங்க காளைய அந்தப் பக்கமா ஓட்டுங்க, இங்க பள்ளமுங்க" என்று மூச்சுவிடாமல் பேசினாள். அந்த 'ங்க' அவளுக்கு என்னிடமிருந்து வரவில்லை. நேராக மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது.

3

இந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்குப் பெரிய தலைவலி அரக்கனோ போரோ இல்லை, வரம். எதை வேண்டுமானாலும் கேள் என்று ஒரு பூதம் சொல்லிவிட்டால் கதை நடத்துகிறவர் கதி அதோகதி. கேட்டதை அப்படியே கொடுத்தால் அதோடு கதை முடிந்தது. கொடுக்க மறுத்தால் ஆடுகிறவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் எல்லோரும் ஒரு தந்திரம் பழகிக்கொள்கிறார்கள். சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, நினைத்ததைக் கைவிட்டுவிடுவது.

நான் அதில் கெட்டிக்காரி. லேனா ஒருமுறை தன் திருடிக்கு இனிப் பசிக்கவே கூடாது என்று கேட்டாள். பசி போயிற்று, கூடவே சாப்பாட்டின் ருசியும் போயிற்று. இனியா, எந்தப் பூட்டும் தனக்குத் திறக்க வேண்டும் என்று கேட்டாள். அவள் தெருவில் நடக்கும்போதெல்லாம் ஊரிலுள்ள எல்லாப் பூட்டும் திறந்துகொண்டன, சிறைச்சாலைப் பூட்டு உட்பட. அண்ணன் மட்டும் எதையும் கேட்டதில்லை. "இப்போதைக்கு ஒண்ணும் கொறையில்லீங்க" என்று நழுவிவிடுவார்.

இந்தக் கலையை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் தமிழ்நாடு, கேரள எல்லையில் வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் ஓர் ஊர்க்காரர்கள் பஸ் வேண்டும் என்று இரண்டு மாநிலத்துக்கும் மனுப் போட்டார்கள். ஒரு மாநிலம் நிழற்குடை கட்டிக் கொடுத்தது. இன்னொன்று பஸ் விட்டது. பஸ் நிழற்குடை இல்லாத வழியாகப் போயிற்று.

இங்கே வந்த பிறகும் இதே கதைதான். குடும்பப் பெயர் என்ன என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்களில் அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயர் ரங்கசாமி என்றேன். என் பிறப்புச் சான்றிதழ் மலையாளத்தில் இருந்தது, அதில் தமிழ்ப் பெயர், அதற்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் பெயர் வேண்டும் என்று கேட்டதற்குப் பெயர் கிடைத்தது. அன்று முதல் நான் திருமதி ரங்கசாமி. பொள்ளாச்சிச் சந்தையைத் தாண்டிப் போகாத என் அப்பா, காலமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஜெர்மனியில் திருமதியாகக் கடிதம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வந்த புதிதில் வேலையிடத்து விருந்து ஒன்றில், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அந்த மொழியில் அதற்குப் போதை தலைக்கேறிவிட்டது என்று அர்த்தமாம். அக்கறையோடு என் முன்னால் இருந்த பழரசத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைத்தார்கள். வீடுவரை கொண்டுவந்து விட ஒருவர் காரையும் எடுத்தார். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே இருக்கும் இடத்தில்தான் நான் பல வருஷமாகக் குடியிருக்கிறேன்.

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இனியாவுக்குத் தெற்குக் கோடியில் ஒரு நகரத்தில் கல்லூரி இடம் கிடைத்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்க ஓடும் தூரம். இலையுதிர்காலத்தில் போய்விடுவாள். அதற்குள் கதையை முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் இருவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். பாதியில் விட்டுப் போவது லேனாவுக்குப் பிடிக்காது. அவளுடைய அப்பா காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறார். எதையும் முறையாக முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வீட்டில் தூக்கம் வரும்.

எங்கள் கதை எளிமையானது. மூவரும் ஒரு மாயக்கதவு வழியாகத் தவறிப்போய் அந்நிய நாடு ஒன்றில் விழுந்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. மூன்று வருஷம் அலைந்து, கடைசியில் ஒரு ஜாடியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் பூதம். அது ஒரே ஒரு வரம் கொடுக்கும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. சனிக்கிழமையும் முடிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திருகல் ஒன்று தயார் செய்தேன். மூவரும் வீட்டு வாசலில் போய் இறங்குவார்கள். ஆனால் அங்கே யாருக்கும் அவர்களை அடையாளம் தெரியாது. பெற்ற தாய் வெளியே வந்து "எந்த ஊருங்க?" என்று கேட்பாள். அந்த மறதியைப் போக்கும் மூலிகையைத் தேடி மறுபடியும் கிளம்ப வேண்டும். இன்னும் மூன்று வருஷத்துக்குக் கதை தாங்கும். இனியா தெற்கிலிருந்து வீடியோவில் ஆடலாம். "எந்த ஊருங்க" என்பதைக்கூட நான் கற்பனை செய்யவில்லை. சென்ற முறை ஊருக்குப் போனபோது பால் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் என்னைப் பார்த்துக் கேட்டதுதான்.

மகளைப் பிடித்து வைக்க ஓர் அம்மா பூதமாக மாறி வரத்தைத் திருகுகிறாள். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் போன பிறகு தொலைபேசியில் என்ன பேசுவாள்? "எல்லாம் ஓகே." அதையும் ஜெர்மனில். பள்ளம், காளை, மாமா, ங்க, எல்லாம் அந்த ஜாடியோடு போய்விடும். கல்லூரிக்குப் போகாதே என்று சொல்லும் அம்மா நான் இல்லை. சொல்லவும் மாட்டேன். அதனால்தான் பூதத்தை அனுப்பினேன்.

5

அந்தச் சனிக்கிழமை லேனா வரம் கேட்கும் வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள். முழுதாக இரண்டு பக்கம். 'வீடு' என்பது எது, 'திரும்புதல்' என்பது எது, எந்த வயதில், எந்த உடம்போடு, எந்த நாளில் என்று எல்லாவற்றுக்கும் விளக்கம். உயிரோடு என்பதை அடிக்கோடிட்டிருந்தாள். நான் துண்டைச் சுற்றிக்கொண்டு கேட்டேன். என் திருகல் நுழைய அதில் ஓர் ஓட்டை இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் ஞாபகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பூதம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது.

"மானிடர்களே, உங்கள் வரம் இதுதானா?" என்று இரண்டு மொழியிலும் முழங்கினேன்.

"ஏனுங்க பூதத்தாரே, ஒரு நிமிசம் பொறுங்க" என்றார் பழனிச்சாமி. பின்னால் ஒரு மாடு கத்தியது. "அந்தப் புள்ள ரண்டு பக்கம் படிச்சுது, எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ஆனா அதுல நாம என்ன குடுக்கறம்னு இருக்குதுங்களா?"

இனியா மொழிபெயர்த்தாள். லேனா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, மானிடா. இது வரம்" என்றேன்.

"அது எப்படிங்க? இத்தாப்பெரிய காரியம். சும்மா வாங்கிட்டுப் போனா அப்பறம் உங்க மூஞ்சியில எப்புடி முழிக்கறதுங்க? எங்களை நல்லபடியா ஊடு கொண்டுபோயிச் சேத்துட்டீங்கன்னா, உங்களுக்கு ஒரு மண்மாடு செஞ்சு கொண்டாந்து வெக்கறமுங்க."

மூன்று வருஷத்தில் எத்தனையோ விதிகளைக் கரைத்துக் குடித்திருக்கிறேன். பூதத்துக்கு நேர்ந்துகொண்டால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. கேட்கிறவர்கள் ஏமாற்றப் பார்ப்பார்கள், பூதம் ஏமாற்றப் பார்க்கும், அதற்குத்தான் விதி எழுதியிருந்தார்கள். வரம் கொடுக்கிறவனுக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் போவேன் என்று ஓர் ஆள் அடம்பிடிப்பான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அப்படி அடம்பிடிக்கும் ஊர் அவர்களுக்குத் தெரியாது.

நான் சமாளித்துப் பார்த்தேன். "நான் வரத்தைக் கோணலாகக் கொடுத்தால் என்ன செய்வாய், மாட்டுக்காரா?"

"அப்ப மண்மாடும் கோணலாத்தான் வருமுங்க."

லேனாவுக்கு இனியா இதைச் சொன்னதும் அவள் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். தன்னுடைய இரண்டு பக்கத்தையும் மடித்து பஜ்ஜித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள். பூதத்துக்கு மண்மாடு என்றால் அவளும் ஒரு பங்கு என்றாள். அவளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பூதத்தின் ஜாடி அந்நிய நாட்டில் இருக்கிறது. வீடு போய்ச் சேர்ந்த பிறகு மாட்டை எப்படிக் கொடுப்பது? தபாலில் அனுப்பலாமா?

இனியா அதைத் தமிழில் கேட்டாள். அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"தபால்லயா? நேந்துக்கிட்டதையெல்லாம் தபால்ல அனுப்பக்கூடாது, சாமி. நேந்துக்கிட்டவங்க கையில எடுத்துட்டு நேர்ல வரோணும். மூணு பேரும் சேந்து வந்து ஒருக்கா வெச்சுக் கும்பிட்டுட்டுப் போயிரலாம். அப்புடிச் சொல்லு அந்தப் புள்ளகிட்ட."

இனியா லேனாவின் பக்கம் திரும்பினாள். மாமா சொன்னதை ஜெர்மனில் சொன்னாள். தபாலில் கூடாது என்றாள். கையில் எடுத்து வர வேண்டும் என்றாள். மூன்று பேரும் சேர்ந்து என்றாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், மாமாவின் 'ஒருக்கா' வர வேண்டிய இடத்தில், "ஒவ்வொரு வருஷமும்" என்றாள்.

லேனா தலையாட்டினாள். அண்ணன் ஒன்றும் தெரியாமல் அங்கிருந்து தலையாட்டினார். அந்த மேஜையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மொழிபெயர்த்தாள். இன்னொருத்தி பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். இனியா என்னைப் பார்க்கவில்லை. பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் பச்சைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன்.

"சம்மதம்" என்றேன். "போய் வாருங்கள்."

6

திருகவில்லை. மூவரையும் அவரவர் வாசலில் இறக்கினேன். திருடியை அவளுடைய அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டாள். சூனியக்காரியின் வீட்டில் அவள் விட்டுப்போன செருப்பு அதே இடத்தில் கிடந்தது. பழனிச்சாமிக்குக் கொட்டகையில் எல்லா மாடும் பத்திரமாக இருந்தது. "லச்சுமியும் இருக்குதா?" என்று கேட்டார். அது நிஜ மாட்டின் பெயர். இருக்கிறது என்றேன். "அப்ப சரிங்க, நான் போயித் தண்ணி காட்டிட்டு வாறன்" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் மூன்று வருஷக் கதை அந்த வரியில் முடிந்தது.

லேனா போன பிறகு நான் துண்டை அவிழ்த்தேன். இனியா பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. அவள் ரகசியமாகச் சொன்ன ஒன்றை நான் உடைத்துக் கேட்டால், அவளுடைய வயதுக்கு, இல்லை என்று சாதித்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.

"அம்மா, மண்மாட்டுக்குக் கொம்பு தனியா செஞ்சு ஒட்டுவாங்களா?"

தமிழில்தான் கேட்டாள். பச்சைத் துண்டு என் மடியில் கிடந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது, மாமாவும் இல்லை. எனக்குத் தெரியாது, மாமாவைக் கேள் என்றேன். எனக்குத் தெரியும். அவள் அவரைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

7

அவளை ரயிலேற்றிவிட்டு வந்த மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். பிள்ளை போய்ச் சேர்ந்ததா, சாப்பாடு கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பூதத்துக்கு எப்போது உருவாரம் வைப்பது என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"பொங்கல் லீவுக்கு அவ வருவாளுங்ணா. அப்ப வெச்சுக்கலாம்" என்றேன். இந்த ஊரில் பொங்கலுக்கு ஏது லீவு! கிறிஸ்துமஸ் விடுமுறையைத்தான் நான் அப்படிச் சொல்கிறேன். "ஆனா ஒரு விசயம். அது ஒரு தடவை இல்ல, வருசா வருசம்."

"நான் ஒருக்கான்னுதான சொன்னேன்?"

"நீங்க ஒருக்கான்னுதான் சொன்னீங்க. அவ மொழிபெயர்க்கும்போது வருசா வருசம்னு சொல்லிட்டா."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ள சொல்லிருச்சுல்ல? அப்ப வருசா வருசந்தான். பூதத்துக்கிட்டச் சொன்ன சொல்ல மாத்தக்கூடாது அம்மிணி."

இரண்டு வாரம் கழித்து, இந்தக் குறிப்பை எழுத உட்காரும் முன்புதான், இனியாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. விடுதி அறை ஜன்னலோரத்தில், செய்தித்தாளின் மேல், களிமண்ணில் ஏதோ நிற்கிறது. நாய் மாதிரியும் இருக்கிறது, பன்றி மாதிரியும் இருக்கிறது. கீழே ஜெர்மன் எழுத்தில் தமிழ்: 'ஒரு கொம்பு ஒடஞ்சு போச்சு. பூதம் ஏத்துக்குமா?'

பச்சைத் துண்டைத் தேடி எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பதில் அனுப்பினேன்:

'படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நேரில் எடுத்து வா.'